கையில தூக்கிப் படிக்க ஒரு சின்ன டேப்: யாருக்கு வாங்கலாம், யாருக்கு வேணாம்

வீட்டுக்கு ஒரு சின்ன டேப் (டேப்லெட்) வாங்கலாமான்னு ஒருத்தங்க எங்கிட்ட கேட்டாங்க, அவங்க சொன்ன விவரம் இதுதான். மாமியாருக்கு 66 வயசு, வாரப் பத்திரிகையும் பழைய நாவலும் விடாம படிச்சிட்டிருந்தவங்க, இப்ப ஃபோன்ல எழுத்து சரியா தெரியலன்னு படிக்கிறதையே விட்டுட்டாங்க. பொண்ணு 7வது படிக்குது. பட்ஜெட் 15 ஆயிரம். 8 இன்ச் பக்கத்துல ஒரு டேப் வாங்கி ரெண்டு பேருக்கும் பொதுவா வெச்சிடலாம்னு கேட்டவங்க நினைக்கிறாங்க, வீட்டுக்காரர் "ஃபோனே 6.7 இன்ச் இருக்கு, இன்னும் ஒண்ணு ரெண்டு இன்ச்சுக்கு எதுக்கு தனியா காசு"ன்னு கேக்குறார்.

என் பதில மொதல்லயே சொல்லிடறேன். மாமியாருக்கு தாராளமா வாங்குங்க. பொண்ணோட படிப்புக்குன்னு நினைச்சு வாங்காதீங்க. ஒரே டேப்ப ரெண்டு பேருக்கும் பொதுவா வெக்காதீங்க. இனி ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் ஒரு காலேஜ் லைப்ரரியில வேலை பாக்கிறேன். ஸ்கேன் பண்ண பழைய தமிழ் புத்தகங்களோடதான் பாதி நாள் போகுது, 2013லேர்ந்து கையில ஏதாவது ஒரு சின்ன டேப் இருந்துட்டே இருக்கு, இப்ப வெச்சிருக்கிறது நாலாவது. வாத்தியார்களும் ரிட்டயர் ஆனவங்களும் என்ன டேப் வாங்கறதுன்னு எங்கிட்டதான் வந்து கேப்பாங்க. யார் வாங்குனது உபயோகத்துல இருக்கு, யாரோடது அலமாரியில சார்ஜ் இல்லாம கிடக்குன்னு இத்தனை வருஷமா பாத்துட்டிருக்கேன். அதுல நான் புரிஞ்சிக்கிட்ட விஷயம் ஒண்ணுதான்: சின்ன டேப் கையில தூக்கி வெச்சு, ஒரு ஆள் மட்டும், பெரும்பாலும் படிக்கிறதுக்கான சாமான். அப்படி பயன்படுத்துறவங்க வருஷக்கணக்கா வெச்சிருக்காங்க. மேசை மேல நிறுத்தி வெக்கப் போறவங்க, எழுதப் போறவங்க, நாலு பேர் சேந்து படம் பாக்கப் போறவங்க எல்லாரும் ஆறு மாசத்துல பெரிய டேப் வாங்கியிருக்கலாமோன்னு வந்து நிக்கிறாங்க.

மொதல்ல உங்க வீட்டுக்காரர் கேட்ட கணக்கு. அவர் கேக்குறது நியாயமான கேள்விதான், ஆனா இன்ச் கணக்கு நம்மள ஏமாத்திடும், ஏன்னா அது மூலைக்கு மூலை அளக்கிறது. இப்ப வர்ற 6.7 இன்ச் ஃபோன் எல்லாம் ஒல்லியா நீளமா இருக்கு, ஸ்கிரீன் அகலம் சுமார் 7 சென்டிமீட்டர்தான். 8.7 இன்ச் டேப்ல அகலம் 11 சென்டிமீட்டருக்கு மேல. பரப்பளவா போட்டுப் பாத்தா ஃபோன் சுமார் 17 சதுர இன்ச், டேப் சுமார் 33, அதாவது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ரெண்டு இன்ச் வித்தியாசம்னு காதுக்கு கேக்குது, கண்ணுக்கு அப்படி இல்ல.

இதுல தமிழ் படிக்கிறவங்களுக்குன்னு தனியா ஒரு விஷயம் இருக்கு, இத யாரும் ரிவ்யூல சொல்றதில்ல. நம்ம எழுத்து அகலமானது, நம்ம வார்த்தையும் நீளம். "சொல்லிக்கொண்டிருந்தபோது"ன்னு ஒரு வார்த்தை வந்தா, வயசானவங்க படிக்கிற அளவுக்கு எழுத்த பெருசாக்கி வெச்ச ஃபோன்ல அது ஒண்ணே ஒரு முழு வரிய புடிச்சிக்கும், முந்தின வரியில பாதி காலியா நிக்கும். வரிக்கு ரெண்டு மூணு வார்த்தைதான் வரும், கண்ணு சட்டு சட்டுன்னு அடுத்த வரிக்கு குதிச்சிக்கிட்டே இருக்கணும், நாலு பக்கம் படிக்கிறதுக்குள்ள களைப்பாயிடும். உங்க மாமியாருக்கு எழுத்து தெரியலங்கிறதோட இதுவும் சேந்திருக்கும்னு நினைக்கிறேன், ஏன்னா எழுத்து தெரியலன்னு பெருசாக்குனா வரி உடையுது, வரி உடையுதேன்னு சின்னதாக்குனா எழுத்து தெரியல. வெள்ளெழுத்து வந்தவங்க ஃபோன்ல தமிழ் படிக்க முடியாம விட்டுடறதுக்கு இந்த இழுபறி பெரிய காரணம். டேப்ல அதே பெரிய எழுத்துலயே நாலு அஞ்சு வார்த்தை ஒரு வரியில உக்காரும், புத்தகம் படிக்கிற ஓட்டம் திரும்பி வந்துடும்.

இன்னொரு கணக்கும் சொல்றேன், இதப் பாத்தப்ப எனக்கே சந்தோஷமா இருந்துச்சு. நம்ம பதிப்பகங்கள் போடுற நாவல் நிறைய டெமி சைஸ், சுமார் ஐந்தரைக்கு எட்டரை இன்ச். அதுல நாலு பக்கமும் விளிம்ப விட்டுட்டா அச்சு இருக்கிற இடம் நாலே கால் இன்ச் அகலம் வரும். 8.7 இன்ச் டேப்போட ஸ்கிரீன் அகலம் நாலரை இன்ச்சுக்கு ஒரு நூல் கம்மி. அதாவது ஸ்கேன் பண்ண பிடிஎஃப்ப தொறந்து ஓர வெள்ளைய வெட்டிட்டீங்கன்னா, எழுத்து அச்சுப் புத்தகத்துல இருந்த அதே அளவுல கையில நிக்கும். அதவிட சின்னதான கிரௌன் சைஸ்ல வந்த பழைய புத்தகம்னா அசல விட கொஞ்சம் பெருசாவே தெரியும். விளிம்ப வெட்டுறதுக்கு தனியா எதுவும் கத்துக்க வேணாம், ரீட்எரா மாதிரி ஆப்ல அதுக்கு ஒரு செட்டிங் இருக்கு, ஒரு தடவ போட்டுட்டா போதும். அந்த ஆப் இலவசம்தான், விளம்பரமும் வராது.

ஆனா ஏ4 சைஸ்ல இருக்கிற எதுவும் இதுல சரிப்படாது. ஏ4 அகலம் எட்டே கால் இன்ச், அத நாலரை இன்ச்சுக்குள்ள அமுக்குனா எழுத்து பாதியா சுருங்குது, 12 பாயின்ட்ல அடிச்சது ஆறரை பாயின்ட் மாதிரி தெரியும். மருந்து டப்பாவோட வர்ற துண்டுச் சீட்டு படிக்கிற மாதிரிதான் இருக்கும். அரசாணை, கல்யாண மண்டப காண்ட்ராக்ட், ஆராய்ச்சிக் கட்டுரை, பெரிய சைஸ் பத்திரிகையோட டிஜிட்டல் பதிப்பு எல்லாம் இந்தக் கணக்குதான். டேப்ப படுக்க வெச்சு பாதிப் பாதிப் பக்கமா படிக்கலாம், நான் அப்படித்தான் சமாளிக்கிறேன், தினமும் அதுதான் வேலைன்னா 11 இன்ச் வாங்குறதுதான் நல்லது. உங்க மாமியார் படிக்கிற வாரப் பத்திரிகைக்கு ஆப்ல கட்டுரைய தனியா தொறந்து படிக்கிற வசதி இருக்கான்னு பாத்துக்கோங்க, இருந்தா பிரச்னை இல்ல, பக்கத்த அப்படியே படமா காட்டுறதுன்னா கஷ்டம்தான்.

பொண்ணு படிப்புக்கு உதவாதுன்னு நான் சொன்னதுக்கும் காரணம் இதேதான். தமிழ்நாடு பாடநூல் பிடிஎஃப்பா கிடைக்குது, நல்ல விஷயம், ஆனா அந்தப் பக்கங்கள் பெருசு, படமும் கட்டமும் பக்கம் பூரா இருக்கும், ரெண்டு விரலால பெருசாக்கி இழுத்து இழுத்துப் பாக்கணும். ஒரு பக்கம் வீடியோ ஓட இன்னொரு பக்கம் நோட்ஸ் எழுதுறதுக்கு ஸ்கிரீன்ல இடம் பத்தாது. இந்த விலையில பேனா சப்போர்ட்டும் பெரும்பாலும் வராது, ரப்பர் முனை வெச்ச பேனா ஒண்ணு கடையில விக்கும், அதுல கணக்கு போட்டுப் பாக்க முடியாது, கோடு ஒரு இடத்துல வெச்சா இன்னொரு இடத்துல விழும். 2011 அக்டோபர்ல மத்திய அரசு ஆகாஷ்னு 7 இன்ச் டேப் ஒண்ண மாணவர்களுக்குன்னு வெளியிட்டப்ப ரொம்ப எதிர்பார்ப்பு இருந்துச்சு. 366 மெகாஹெர்ட்ஸ் ப்ரொசஸர், 256 எம்பி ரேம், அழுத்தி அழுத்தித் தொட வேண்டிய ஸ்கிரீன். விலை கம்மியா குடுக்கணும்ங்கிற நோக்கம் நல்லதுதான், பையன் கையில குடுத்தப்ப படிக்கிற வேலைக்கு அது தாங்கல. இன்னைக்கு ப்ரொசஸர் எவ்வளவோ வேகமாயிடுச்சு, ஆனா 7, 8 இன்ச்ல ஒரு பாடப்புத்தகத்தோட பக்கம் அடங்காதுங்கிறது அப்படியேதான் இருக்கு. பொண்ணுக்கு வாங்கியே ஆகணும்னா இன்னும் ஒரு வருஷம் காசு சேத்து 11 இன்ச்சும் ஒரு கீபோர்டும் வாங்குங்க, இல்ல நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் பாருங்க.

எடைய பத்தி சொல்லணும், ஏன்னா கடையில நின்னுக்கிட்டு ரெண்டு நிமிஷம் தூக்கிப் பாத்தா இது தெரியாது. சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9, 8.7 இன்ச், 332 கிராம். அதோட அண்ணன் ஏ9 ப்ளஸ், 11 இன்ச், 480 கிராம். ஐபேட் மினி 300 கிராமுக்கும் கீழ. 150 கிராம்தான வித்தியாசம்னு தோணும். மத்தியானம் சாப்ட்டுட்டு கட்டில்ல சாஞ்சு ஒரு கையில புடிச்சுப் படிங்க, கால் மணி நேரத்துல மணிக்கட்டு சொல்லிடும். பெரிய டேப் வாங்கினவங்க எல்லாம் அத தலகாணி மேல சாய்ச்சு வெக்கிறாங்க, மடியில வெச்சு குனியிறாங்க, கழுத்து வலி வருது. சின்ன டேப்ப ஒரு பக்கமா கட்டைவிரலால அமுக்கிப் புடிச்சிக்கிட்டு ரயில்ல ஜன்னலோரம் மதுரையிலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் படிச்சிட்டு வந்திருக்கேன், கை வலிச்சதில்ல.

இந்த எடைய கெடுக்கிறது கவர். நிறைய பேர் கீழ விழுந்தா உடஞ்சிடும்னு பயந்து தடிமனான கவர் போடுவாங்க, மடக்கி நிறுத்துற ஸ்டாண்டு வெச்சது, கைப்பிடி வெச்சது, எல்லாம் 200 கிராம் 250 கிராம் வரும். 330 கிராம் டேப் அதப் போட்டதும் பெரிய டேப் எடைக்கு வந்துடுது, அப்புறம் எதுக்கு சின்னது வாங்குனோம்? பின்பக்கம் மட்டும் மூடுற மெல்லிசான சிலிகான் கவரும், முன்னாடி ஒரு டெம்பர்ட் கிளாஸும் போதும். வெளிய எடுத்துட்டுப் போறப்ப துணிப் பையில போட்டுக்கோங்க. உங்க மாமியார் கையில இருந்து நழுவிடும்னு தோணுச்சுன்னா பின்னாடி விரல் கோத்துக்கிற எலாஸ்டிக் பட்டை வெச்ச கவர் கிடைக்குது, எடை ரொம்ப ஏறாது, வயசானவங்களுக்கு அதுதான் நான் சொல்றது.

சின்ன டேப்புக்கு ஒரு காலத்துல பெரிய விவாதமே நடந்திருக்கு. 2010ல சாம்சங் 7 இன்ச் கேலக்ஸி டேப் கொண்டு வந்தப்ப, ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த சைஸ் எடுபடவே எடுபடாது, அதுல தொடணும்னா விரல் நுனிய உப்புத்தாள் போட்டு தேய்ச்சுத்தான் சின்னதாக்கணும்ங்கிற மாதிரி பேசினார். ரெண்டு வருஷம் கழிச்சு 2012 அக்டோபர்ல, அவர் இறந்ததுக்கு அப்புறம், ஆப்பிளே 7.9 இன்ச்ல ஐபேட் மினி கொண்டு வந்துச்சு. அதே வருஷம்தான் கூகுள் 199 டாலருக்கு நெக்ஸஸ் 7 வித்துச்சு, சின்ன டேப் நல்லா இருக்கும்னு நிறைய பேருக்கு தெரிஞ்சதே அதுலதான். அப்ப ஃபோன் எல்லாம் 4 இன்ச், நாலரை இன்ச், அதனால 7 இன்ச்னாலே பெருசா தெரிஞ்சுது. பிறகு ஃபோன் வளந்து 6 இன்ச் தாண்டினதும் கம்பெனிகள் சின்ன டேப்ப ஒவ்வொண்ணா விட்டுட்டாங்க, இன்னைக்கு கடையில போய் கேட்டா பத்துல எட்டு மாடல் 10, 11 இன்ச்தான் எடுத்துக் காட்டுவாங்க. இது உண்மையிலேயே ஒரு குறை. தேர்ந்தெடுக்க மாடல் கம்மி, ஒண்ணு 10 ஆயிரத்துலேர்ந்து 15 ஆயிரத்துக்குள்ள சாதாரணமானது, இல்லன்னா 2024ல வந்தப்ப 49,900 ரூபாய் விலை போட்ட ஐபேட் மினி, நடுவுல இருக்கிறது ரொம்ப சொற்பம்.

அந்த நாலு மடங்கு விலைக்கு என்ன கிடைக்குதுன்னா, முக்கியமா ஸ்கிரீன். ஏ9ல ஒரு இன்ச்சுக்கு சுமார் 179 புள்ளி, ஐபேட் மினியில 326. இங்கிலீஷ் படிக்கிறவங்களுக்கு இது அவ்வளவா உறுத்தாது. தமிழ்ல ண, ஞ, ணை மாதிரி சுழி நிறைய இருக்கிற எழுத்து சின்ன சைஸ்ல வந்தா 179ல சுழி ஒட்டிக்கிட்டு மசமசன்னு தெரியும், ஸ்கேன் புத்தகம் மங்கலா இருந்துச்சுன்னா இன்னும் மோசம். ஆனா உங்க மாமியார் எழுத்த பெருசாக்கித்தான் படிக்கப் போறாங்க, அந்த அளவுல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால இந்த ஒரு காரணத்துக்காக நீங்க 50 ஆயிரம் போட வேணாம். படம் வரையறவங்க, பேனாவால கையெழுத்துல குறிப்பு எழுதுறவங்கன்னா கதை வேற.

படிக்கிறதுக்கு மட்டும்னா கிண்டில் வாங்கக் கூடாதான்னு அடுத்து கேப்பீங்க. வெயில்ல உக்காந்து படிக்க, வாரக்கணக்குல சார்ஜ் நிக்க, கண்ணுக்கு இதமா இருக்க கிண்டில் மாதிரி காகிதம் போல தெரியிற மின்மை (இ-இங்க்) ஸ்கிரீன்தான் ஒசத்தி, அதுல சந்தேகமே இல்ல. டேப்ப வெயில்ல எடுத்துட்டுப் போனா உங்க மூஞ்சிதான் தெரியும். அமேசான் 2016 கடைசியில தமிழ் மின்நூல் விக்க ஆரம்பிச்சதுலேர்ந்து புதுப் புத்தகமும் நிறைய வருது. ஆனா நம்ம பழைய புத்தகங்கள்ல பெரும்பகுதி இன்னும் ஸ்கேன் பண்ண படமாத்தான் இருக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல, இலங்கைப் புத்தகம்னா நூலகம் தளத்துல, இப்படி எங்க எடுத்தாலும் பிடிஎஃப்தான், அத 6 இன்ச் கிண்டில்ல தொறந்தா பக்கம் திரும்பறதும் பெருசாக்குறதும் அவ்வளவு மெதுவா இருக்கும், பொறுமை போயிடும். மதுரைத் திட்டத்துல 1998லேர்ந்து தட்டச்சு பண்ணிப் போட்டிருக்கிற பழந்தமிழ் நூல்கள் எழுத்தாவே இருக்கு, அது எதுல வேணா நல்லா வரும். உங்க மாமியார் மாதிரி பத்திரிகை, பழைய நாவல், நடுவுல ஒரு பக்திச் சொற்பொழிவு, பேரனோட வீடியோ கால்னு கலந்து கட்டி வேணும்ங்கிறவங்களுக்கு டேப்தான்.

ஸ்கேன் புத்தகத்துக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்க்கைவ்ல வர்ற பிடிஎஃப் ஃபைல் சைஸ் கம்மியா இருக்கணும்னு ரொம்ப இறுக்கி அமுக்கி வெச்சிருப்பாங்க, அத விரிச்சுக் காட்டுறதுக்கு ப்ரொசஸர் உழைக்கணும். ரொம்ப மலிவான டேப்ல ஒரு பக்கம் வர்றதுக்கு நாலு அஞ்சு செகண்ட் ஆகும், ஒவ்வொரு பக்கத்துக்கும். அதனால 7 ஆயிரத்துக்கு, 8 ஆயிரத்துக்கு வர்றத வாங்காதீங்க. குறைஞ்சது 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், மெமரி கார்டு போடுற இடம், ஹீலியோ ஜி99 அளவுக்காவது ஒரு ப்ரொசஸர். ஏ9ல இருக்கிறது அதுதான், வந்தப்ப 13 ஆயிரம் சுத்தி இருந்துச்சு. 32 ஜிபி மாடல் எங்கயாவது தள்ளுபடியில கண்ணுல படும், சிஸ்டமே பாதிய புடிச்சிக்கும், ரெண்டு அப்டேட்டுக்கு அப்புறம் இடம் இல்லன்னு கத்த ஆரம்பிச்சிடும். எங்க சித்தப்பா ஆன்லைன்ல பேர் தெரியாத கம்பெனி டேப் ஒண்ணு 12 ஜிபி ரேம், 512 ஜிபின்னு போட்டிருந்தத நம்பி 6 ஆயிரத்துக்கு வாங்கிட்டார். உள்ள பாத்தா 3 ஜிபிதான் இருந்துச்சு, மீதிய மென்பொருள்ல பொய்யா காட்டியிருந்தாங்க. திருப்பி அனுப்புற தேதியும் போயிடுச்சு, அந்த மனுஷன் பென்ஷன் பணத்துல ஆசையா வாங்கினது, இப்பவும் நினைச்சா மனசுக்கு கஷ்டமா இருக்கு. விலைக்கு மீறுன நம்பர் போட்டிருந்தா தொடாதீங்க.

படம் பாக்கிறதுக்கும் வேணும்னா, வாங்கறதுக்கு முன்னாடி வைட்வைன் எல்1 இருக்கான்னு கேளுங்க, படத்த யாரும் நகல் எடுக்காம இருக்க ஆப்கள் பாக்குற பாதுகாப்பு நிலை அது. அது இல்லாம எல்3 மட்டும் இருந்தா நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப் எல்லாம் மங்கலான தரத்துலதான் படம் காட்டும், ஸ்கிரீன் எவ்வளவு நல்லதா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

ஃபோன்ல செய்யறதெல்லாம் இதுல செய்யலாம்னு நினைச்சு வாங்கினவங்க ஏமாந்து போற இடங்கள் சில இருக்கு. வைஃபை மட்டும் இருக்கிற டேப்ல யூபிஐ ஓட்ட முடியாது, ஏன்னா உங்க நம்பர்லேர்ந்து அந்த கருவியே எஸ்எம்எஸ் அனுப்பி உறுதி பண்ணணும், சிம் இல்லாம அது நடக்காது. ஓடிபி எல்லாம் ஃபோனுக்குத்தான் வரும். வாட்ஸ்அப்ப ஃபோனோட இணைச்சு டேப்ல வெச்சுக்கலாம், ஐபேடுக்குன்னு தனி ஆப்பே 2025ல வந்துடுச்சு, ஆனா முக்கிய கணக்கு ஃபோன்லயே இருக்கட்டும். கேமரா பேருக்குத்தான், ராத்திரி ரசீது ஒண்ணு படம் எடுக்கணும்னா ஃப்ளாஷ் கூட இருக்காது. இந்த விலையில கைரேகை வெக்கிற வசதியும் பெரும்பாலும் இல்ல, ஒவ்வொரு தடவயும் பின் நம்பர் போடணும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடுல ஜிபிஎஸ்ஸே கிடையாது, கார்ல வழி பாக்க வாங்குறவங்க இது தெரியாம வாங்கிடறாங்க. இதெல்லாம் உங்க மாமியாருக்கு பெரிய குறையா இருக்காது, அவங்க ஃபோன் அவங்க கையில இருக்கத்தான போகுது.

சிம் மாடலா, வைஃபை மாடலான்னு கேட்டா, வீட்ல வைஃபை இருந்தா வைஃபையே போதும். சிம் மாடலுக்கு சுமார் 2, 3 ஆயிரம் கூட, மாசா மாசம் இன்னொரு ரீசார்ஜ், அது அஞ்சு மாசத்துல இன்னொரு பெரிய தொகை. ஒரே ஒரு விதிவிலக்கு, மாமியார் அடிக்கடி ஊருக்குப் போய் தங்குறவங்க, அங்க வைஃபை இல்ல, ஹாட்ஸ்பாட் போட்டுக்குடுக்க பக்கத்துல ஆளும் இல்லன்னா சிம் மாடல் எடுங்க. இல்லன்னா ஊருக்குப் போற முன்னாடி பத்து புத்தகம் இறக்கி வெச்சுட்டா போதும், அதுக்கு நெட்டே தேவையில்ல.

இப்ப பேட்டரி. சின்ன டேப்ல 5,000 எம்ஏஎச் பக்கம்தான் இருக்கும், அது இன்னைக்கு ஒரு ஃபோன்ல இருக்கிற அளவுதான், ஸ்கிரீன் மட்டும் ரெண்டு மடங்கு. படிக்கிறதுக்குன்னா ரெண்டு மூணு நாள் ஓடும், வீடியோன்னா சாயங்காலத்துக்குள்ள சார்ஜ் போடணும், சார்ஜும் மெதுவாத்தான் ஏறும், ரெண்டரை மணி நேரம் ஆகும். டேப் செத்துப் போறதுக்கு நான் பாத்த வரைக்கும் ரெண்டு காரணம்தான் அதிகம். ஒண்ணு, மாசக்கணக்குல தொடாம அலமாரியில வெச்சு, பேட்டரி ஒரேடியா இறங்கி, திரும்ப உயிரே வராம போறது. இன்னொண்ணு, அதுக்கு நேர் எதிர், 24 மணி நேரமும் சார்ஜர்லயே குத்தி வெக்கிறது. எங்கிட்ட இருந்த ரெண்டாவது டேப்ப பூஜை ரூம்ல பாட்டு போடுறதுக்குன்னு எப்பவும் சார்ஜ்லயே விட்டிருந்தோம், ஒன்றரை வருஷத்துல பேட்டரி உப்பி ஸ்கிரீன் விளிம்பு பிளந்துக்கிட்டு வெளிய வந்துடுச்சு. அப்படி உப்புனத தொடர்ந்து பயன்படுத்தவே கூடாது, தீப்பிடிக்கிற அபாயம் இருக்கு, நாமளே குத்திக் கிளறவும் கூடாது. கடையில போய் கேட்டா அந்த மாடலுக்கு ஒரிஜினல் பேட்டரி வர்றதில்லன்னுட்டாங்க. டேப்புக்கு சர்வீஸ் கிடைக்கிறது ஃபோன் மாதிரி தெருவுக்குத் தெரு இல்ல, இத மனசுல வெச்சுக்கோங்க. செட்டிங்ஸ்ல 80, 85 சதவீதத்தோட சார்ஜ நிறுத்துற வசதி இருந்தா மொத நாளே போட்டு விட்டுடுங்க. வெயில் படுற ஜன்னல் திட்டுல வெக்காதீங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமான்னு கேட்டா, ஆண்ட்ராய்டுல வேணாம்னுதான் சொல்வேன். பேட்டரி ஒரு பக்கம், இன்னொரு பக்கம் மலிவான டேப்ல போடுற ஸ்டோரேஜ் சிப்பு வருஷம் ஆக ஆக மெதுவாயிடும், தொட்டா ரெண்டு செகண்ட் கழிச்சு தொறக்கும். 2012 நெக்ஸஸ் 7ல இந்த பிரச்னை ரொம்ப பிரபலம், அதுக்கு மறு வருஷம் ஆண்ட்ராய்டு 4.3லதான் ஸ்டோரேஜ சுத்தம் பண்ற ஏற்பாட்டயே கொண்டு வந்தாங்க. பழைய ஐபேட் மினி நல்ல நிலையில கிடைச்சா யோசிக்கலாம், 2021ல வந்த 8.3 இன்ச் மாடல் இன்னும் நல்லா உழைக்குது.

பொதுவா வெக்காதீங்கன்னு சொன்னேன்ல, அத முடிச்சிடறேன். சாம்சங் டேப்ல ஆளாளுக்கு தனித்தனி யூசர் வெச்சுக்கலாம், ஆனா 4 ஜிபி ரேம்ல ஒருத்தர்லேர்ந்து இன்னொருத்தருக்கு மாத்துறது மெதுவா இருக்கும், ரெண்டாவது வாரமே பாப்பா மாத்தாம அப்படியே பயன்படுத்த ஆரம்பிச்சிடும். அதுல ஒரு கேம் இறங்கும், அப்புறம் இன்னொண்ணு. மாமியார் எடுத்துப் பாக்குறப்ப சார்ஜ் 9 சதவீதம் இருக்கும், படிச்ச பக்கம் எங்க போச்சுன்னு தெரியாது, குழந்தைகிட்ட கேக்கவும் மனசு வராது, பேசாம வெச்சிடுவாங்க. இத நான் நாலஞ்சு வீட்ல பாத்துட்டேன். பெரியவங்க தனக்கு வேணும்னு சண்டை போட மாட்டாங்க, அதனாலதான் அது அவங்களோடதுன்னு நாமதான் மொதல்லயே சொல்லி வெக்கணும். பொண்ணுக்கு எப்பவாவது குடுக்கிறதா இருந்தா கூகுள் ஃபேமிலி லிங்க் போட்டு நேரத்த கட்டுப்படுத்திக்குங்க. வீட்ல இன்னும் சின்னக் குழந்தை ஏதாவது இருந்தா, 2லேர்ந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேணாம், அதுக்கும் சின்னதுங்களுக்கு அறவே வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு, சாப்பாடு ஊட்டுறதுக்கு இத கையில குடுத்துடாதீங்க.

மாமியாருக்கு செட்டப் பண்றப்ப முன் ஸ்கிரீன்ல நாலே ஐகான் வெச்சா போதும்: புத்தகம், பத்திரிகை, யூடியூப், வாட்ஸ்அப். எழுத்து சைஸ செட்டிங்ஸ்ல பெருசாக்கிடுங்க, ஸ்கிரீன் அணையிற நேரத்த 10 நிமிஷத்துக்கு ஏத்திடுங்க, ஏன்னா ஒரு பக்கத்த நிதானமா படிக்கிறவங்களுக்கு நடுவுல அணைஞ்சா ரொம்ப எரிச்சலா இருக்கும். ராத்திரி படிக்கிறதுக்கு மஞ்சள் வெளிச்சம் தானா வர்ற மாதிரி நேரம் வெச்சு விடுங்க. கண்ணு அசந்துடுச்சுன்னா கூகுளோட தமிழ்க் குரல்ல வாசிக்க விட்டு கேக்கலாம், எழுத்தா இருக்கிற புத்தகத்துக்கு மட்டும்தான் அது வேலை செய்யும், குரல் கொஞ்சம் தட்டையாத்தான் இருக்கும், எங்க அம்மாவுக்கு மொத ரெண்டு நாள் பிடிக்கல, இப்ப சமையல் பண்ணிக்கிட்டே கேக்குறாங்க.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. ஒரு ஏ4 பேப்பர எடுங்க, அதோட குறுக்குப் பக்கம் 21 சென்டிமீட்டர். அந்த 21 அப்படியே இருக்க, 12 புள்ளி 5 சென்டிமீட்டர் அளந்து வெட்டுங்க, ஏ9 டேப்போட அளவு கிட்டத்தட்ட அதுதான். அத ஒரு தடிமனான பழைய புத்தகத்து மேல ஒட்டி, மாமியார் வழக்கமா உக்காந்து படிக்கிற இடத்துல, அவங்க கண்ணாடியோட, பத்து நிமிஷம் ஒரு கையில புடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. கையகலம் பத்தலன்னு அவங்க சொன்னா ஐபேட் மினி இன்னும் அகலம், அது ஒத்தே வராது, நான் சொன்ன எலாஸ்டிக் பட்டை வெச்ச கவர்தான் போட்டுப் பாக்கணும். சௌகரியமா இருக்குன்னு சொன்னா அன்னைக்கே வாங்கிடுங்க, அவங்க விட்ட நாவல் எதுன்னு கேட்டு அத மொதல்ல இறக்கி வெச்சுட்டு கையில குடுங்க.